இமயமலை நடைக்குச் சேலத்திலேயே டென்டும் பையும் வாடகைக்கு: எதை எடுக்கலாம், எதை விடலாம்

அஸ்தம்பட்டிப் பக்கம் உள்ள ட்ரெக்கிங் பொருள் வாடகைக் கடையில் பெரிய பை, டென்ட், நடைக்கோல் மூன்றையும் தயங்காமல் எடுக்கலாம். ஸ்லீப்பிங் பேக்கைக் கேள்வி கேட்டு எடுக்க வேண்டும். அடுப்பை ஆறு பேர் குழுவுக்கு எடுக்கக் கூடாது. ஷூவையும் மருந்துப் பெட்டியையும் தொடவே வேண்டாம். ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

எந்தப் பயணத்தை மனதில் வைத்துப் பார்க்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏற்காட்டில் ஒரு ராத்திரி தங்குவதற்கு இந்தக் கடையில் இருக்கும் எல்லாமே போதும். இங்கே பேசுவது ஹம்ப்டா பாஸ் போன்ற நடையை: மணாலிப் பக்கம் ஜோப்ராவில் தொடங்கி, சிக்கா, பாலு கா கேரா வழியாக ஏறி, சுமார் 4,270 மீட்டரில் கணவாயைத் தாண்டி, ஷியா கோருவில் தங்கி, லாஹௌல் பக்கம் சத்ருவில் இறங்கும் 5 நாள் பாதை. குதிரையும் சுமைகூலியும் இல்லாமல், ஆறு பேர் தங்கள் சுமையைத் தாங்களே தூக்கிப் போவதாக வைத்துக்கொள்வோம்.

மணாலியிலேயே எல்லாம் வாடகைக்குக் கிடைக்கிறதே, சேலத்திலிருந்து ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பார்கள். கேரளா எக்ஸ்பிரஸில் டெல்லிக்கு இரண்டு ராத்திரி, அங்கிருந்து மணாலிக்கு ராத்திரி பஸ், மணாலியில் ஒரு நாள், நடை 5 நாள், திரும்பி வர மறுபடி மூன்று நாள். 5 நாள் நடைக்கு 12 நாள் ஆகிறது. 12 நாளுக்கும் முழு வாடகை என்றால் மணாலிதான் மலிவு. இந்தக் கடையில் மலையில் நடக்கும் நாளுக்கு முழு வாடகை, பயண நாளுக்குக் கால் வாடகை. 5 நாள் முழுதாக, 7 நாள் காலாக என்று போட்டால் ஏழு நாள் வாடகைக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். இதைவிடப் பெரிய லாபம், பொருளை முன்னதாகவே வாங்கி ஏற்காட்டில் சுமந்து பார்க்கலாம் என்பது. மணாலியில் காலை பஸ் இறங்கி, மத்தியானம் கடை ஏறி, கையில் கிடைத்த பையை மாட்டிக்கொண்டு மறுநாள் ஏறுகிறவருக்குத் தோள்பட்டை எங்கே அறுக்கும் என்பது சிக்காவில்தான் தெரியும். அப்போது மாற்ற வழியில்லை.

கடையின் பெரிய பலம் பைதான். 60 லிட்டர் பைகள், முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்போடு இருக்கின்றன. கடைக்காரர் டேப் வைத்து அளக்கிறார்: தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை. ஆள் உயரம் இங்கே உதவாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு முதுகு நீளம் வேறாக இருக்கும். அளந்தபின் பைக்குள் அரிசிப் பைகளைப் போட்டுக் கட்டி, மாடிப்படி ஏறி இறங்கச் சொல்கிறார். இதைச் செய்யும் வாடகைக் கடைகள் அபூர்வம். மாட்டும் வரிசை முக்கியம். முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி இறுக்க வேண்டும், பிறகு தோள்பட்டை, பிறகு தோளுக்கு மேலே பையை முதுகோடு இழுக்கும் சின்னப் பட்டை, கடைசியாக நெஞ்சுப் பட்டை. எடையில் பெரும்பங்கு இடுப்பில் இறங்க வேண்டும். தோள் வலிக்கிறது என்று தோள்பட்டையை இன்னும் இறுக்குகிறவர்கள் எடையை மேலும் தோளுக்கே ஏற்றிக்கொள்கிறார்கள்.

தூக்குத் தராசில் தொங்கவிட்டு ஒவ்வொரு பையையும் எடை போட்டுத் தருவதும் நல்ல பழக்கம். ஒரு ஆளுக்கு இப்படி வரும்: வெறும் பை 2 கிலோ, ஸ்லீப்பிங் பேக் 1.8, மேட் 0.4, துணிமணி 2.5, தண்ணீர் 2, உலர் உணவு ஒரு நாளுக்கு 600 கிராம் வீதம் 3, டென்டில் பங்கு 1.3, சமையல் சாமானில் பங்கு 0.7. மொத்தம் 13.7 கிலோ. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது உடல் எடையில் கால் பங்கை நெருங்குகிறது. இதற்கு மேல் போகக் கூடாது. 50 கிலோ உள்ளவருக்கு இதே சுமையைக் கொடுப்பது நியாயமல்ல. பொதுச் சாமானை எடை பார்த்துத்தான் பிரிக்க வேண்டும், தலைக்கு இவ்வளவு என்று அல்ல.

பைக்கு ரெயின் கவர் இலவசமாகத் தருகிறார்கள். அதை மட்டும் நம்பக் கூடாது. மழை முதுகுப் பக்கம் வழிந்து உள்ளே இறங்கும், காற்று கவரையே பிடுங்கிக்கொண்டு போகும். தடித்த பெரிய பாலிதீன் பை ஒன்றை உள்ளே விரித்து, ஸ்லீப்பிங் பேக்கையும் மாற்றுத் துணியையும் அதற்குள் போட்டு முறுக்கிக் கட்டுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் எந்தப் பாலிதீன் கடையிலும் கிடைக்கும்.

டென்டைப் பொறுத்தவரை, மூன்று பேர் படுக்கும் இரட்டைத்துணி டென்ட், ஒன்று சுமார் 4 கிலோ. இரண்டு எடுத்தால் ஆறு பேருக்குச் சரி. அலுமினியக் கம்பி உள்ளதும் உண்டு, ஃபைபர் கம்பி உள்ளதும் உண்டு. அலுமினியத்தைக் கேட்டு வாங்குங்கள். அலுமினியம் வளைந்தால் அதன்மேல் குழாய்த்துண்டு ஒன்றை மாட்டி டேப் சுற்றி ஓட்டிவிடலாம். ஃபைபர் நீளவாக்கில் பிளந்து கையைக் குத்தும், துணியைக் கிழிக்கும். வெளித்துணியின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ புளித்த வாடை அடித்தாலோ நீர்காக்கும் பூச்சு சிதைந்துவிட்டது என்று அர்த்தம். ஈரத்தோடு மடித்து வைப்பதும் சேலத்து வெயிலில் ஷீட் கூரைக்கடியில் அடுக்குவதும்தான் அதற்குக் காரணம். இந்தக் கடையில் டென்டுகளை மடித்துத் திணிக்காமல் பெரிய துணிப்பையில் தளர்வாக வைத்திருப்பதைப் பாராட்ட வேண்டும். இருந்தாலும் தையலை மூடும் டேப் மூலைகளில் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு மொட்டை மாடியில் டென்டை அடித்து இரண்டு பக்கெட் தண்ணீரைத் தையல் மேல் ஊற்றினால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

குறை ஒன்று இருக்கிறது. டென்டோடு எண்ணி எட்டு முளைதான் தருகிறார்கள், இழுத்துக் கட்டும் கயிறு போதாது. பாலு கா கேரா புல்வெளியில் முளை இறங்கும். ஷியா கோருவிலும் சத்ருவிலும் கல்லும் மணலும். முளை நிற்காது, கயிற்றைப் பாறையில்தான் கட்ட வேண்டும். டென்டுக்கு 10 மீட்டர் வீதம் 3 மில்லிமீட்டர் நைலான் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள். டென்டைப் பிரித்துச் சுமக்கும்போது வெளித்துணி ஒருவரிடம், உள்துணி ஒருவரிடம், கம்பி ஒருவரிடம் என்று கொடுக்கலாம். ஆனால் அந்த மூவரும் சேர்ந்தே நடக்க வேண்டும். மூடுபனியில் குழு இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் துணியும் மறுபக்கம் கம்பியும் இருந்தால் இரண்டு பக்கமும் கூரை இல்லை.

ஸ்லீப்பிங் பேக்கில்தான் கேள்வி கேட்க வேண்டும் என்றோம். “மைனஸ் பத்துங்க, தாராளமா தாங்கும்” என்று கடையில் சொல்வார்கள். எந்த மைனஸ் பத்து? தரச்சோதனை செய்த பையின் சீட்டில் மூன்று எண் இருக்கும். முதலாவது நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். இரண்டாவது சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய எல்லை. மூன்றாவது உயிர் பிழைக்கலாம், அவ்வளவுதான். அந்தக் குளிரில் உடல் விறைக்கும் ஆபத்து உண்டு. விற்பவர்கள் பெரிதாக அச்சடிப்பது பெரும்பாலும் இரண்டாவதையோ மூன்றாவதையோதான். இங்கே உள்ள பைகளில் பாதிக்கு உள்சீட்டு தேய்ந்துபோயிருக்கிறது. ஷியா கோருவில் ஜூன், செப்டம்பர் ராத்திரிகளில் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம் என்று வைத்துக்கொண்டு, முதல் எண் மைனஸ் 5 அல்லது அதற்குக் கீழே உள்ள பையைத் தேடுங்கள். சீட்டு படிக்க முடியாத பையை எடுக்காதீர்கள். ஏற்காட்டில் டிசம்பர் ராத்திரி கதகதப்பாக இருந்தது என்பது சான்று ஆகாது. அங்கே குளிர் அந்த அளவுக்குப் போவதே இல்லை. ஏற்காட்டில் பார்க்க வேண்டியது வேறு: ஜிப் துணியைக் கடிக்கிறதா, கால் நீட்ட இடம் இருக்கிறதா, தலைமூடியின் கயிறு இறுகுகிறதா.

மேட் இரண்டாக எடுங்கள். படுத்ததும் முதுகுக்கடியில் பஞ்சு நசுங்கிவிடுவதால் ஸ்லீப்பிங் பேக் அந்தப் பக்கம் ஏறக்குறைய வேலை செய்யாது. தரை உறிஞ்சும் குளிரை மேட்தான் தடுக்கிறது. கடையின் ஃபோம் மேட் மெல்லியது. வாடகை சொற்பம், எடை அரைக் கிலோ கூட இல்லை.

அடுப்புக்கு வருவோம். கேஸ் டப்பாவின் தலையில் நேராகத் திருகும் சின்ன பர்னர் தருகிறார்கள். இரண்டு பேர் டீ போட அது அருமையான பொருள். ஆறு பேருக்கு 5 லிட்டர் பாத்திரத்தை அதன்மேல் ஏற்றினால், சாய்வான தரையில் ஒரு முழங்கை பட்டாலும் கொதிநீர் காலில் கொட்டும். காற்றுக்கு மறைப்புத் தகட்டை நெருக்கிச் சுற்றினால் டப்பாவும் சேர்ந்து சூடேறும், வெடிக்கும் அபாயம் உண்டு. ஆறு பேருக்கு வேண்டியது டப்பா தள்ளி நிற்க, குழாயால் இணைந்த, மூன்று கால் விரிந்த அடுப்பு. அது இந்தக் கடையில் இல்லை. அதற்காக வேறு இடத்தில் செலவழிப்பது தகும். வேறு வழியில்லாமல் சின்ன பர்னரே எடுப்பதானால் இரண்டு எடுத்து, பாத்திரத்தையும் இரண்டரை லிட்டராக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது திருகும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்துங்கள், கெட்டிப்பட்டிருந்தால் கசியும். சோப்பு நுரை தடவிப் பார்த்தால் குமிழ் காட்டிக்கொடுக்கும். பொத்தான் பற்றவைப்பை உயரத்தில் நம்ப வேண்டாம்; லைட்டரும் நனையாத தீப்பெட்டியும் இருவரிடம் தனித்தனியாக இருக்கட்டும். டென்டுக்குள் அடுப்பு கூடவே கூடாது. தீப்பிடிப்பது ஒன்று, மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு இன்னொன்று. அதற்கு வாடையும் இல்லை, எரிச்சலும் இல்லை.

கேஸ் டப்பாவை இவர்கள் தருவதில்லை. அது சரியான முடிவு. ரயிலிலும் விமானத்திலும் எடுத்துப் போக அனுமதி இல்லை. மணாலியில்தான் வாங்க வேண்டும். திருகும் வகையா, குத்தி மாட்டும் வகையா என்று அடுப்பைப் பார்த்து வாங்குங்கள். வெறும் பியூட்டேன் டப்பா பூஜ்ய டிகிரிப் பக்கம் வந்தாலே ஆவியாகத் திணறும், விடியற்காலையில் சுடர் படுத்துவிடும். புரோப்பேன் அல்லது ஐசோபியூட்டேன் கலந்தது வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 35 முதல் 40 கிராம் என்று வைத்தால் ஆறு பேர், 5 நாளுக்கு 1,050 முதல் 1,200 கிராம். 230 கிராம் டப்பா ஐந்தும், கூடுதலாக ஒன்றும்.

கடையில் தரும் உணவுப் பட்டியல் இந்தக் கணக்கைக் கெடுக்கிறது. சாதம், சாம்பார், பருப்பு என்று எழுதியிருக்கிறார்கள். சேலத்தில் தண்ணீர் கொதிப்பது சுமார் 99 டிகிரியில், ஏற்காட்டில் 95, பாலு கா கேராவில் 88 பக்கம், கணவாய் உயரத்தில் அதற்கும் கீழே. பருப்பு அந்தச் சூட்டில் மணிக்கணக்கில் வேகாமல் கிடக்கும், கேஸ் தீர்ந்துபோகும். குக்கர் இருந்தால் வேகும்தான். ஆனால் ஆறு பேருக்கான குக்கரின் எடை இரண்டு கிலோவைத் தொடும். குதிரை இல்லாத குழுவுக்கு அது வேண்டாத சுமை. வெந்நீர் ஊற்றி மூடினாலே ஆகிவிடும் பொருள்கள் போதும்: அவல், சேமியா, நெய்யில் வறுத்த ரவை, சத்துமாவு, பால் பவுடர், புளிக்காய்ச்சல். ஊரிலிருந்து போவதென்று ஜவ்வரிசியைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். கண்ணாடியாக வேக நேரம் பிடிக்கும், பாத்திரத்தில் ஒட்டும், கழுவுவதற்குத் தொட வேண்டியது பனிநீர். எள்ளுருண்டையும் கடலைமிட்டாயும் எடைக்குத் தரும் சக்தியில் மிக நல்லவை. தட்டுவடை உடைந்தாலும் பரவாயில்லை. காரமும் எண்ணெயுமாக நொறுக்கலாகவே சாப்பிடலாம், உயரத்தில் பசி மட்டுப்படும்போது உப்புக் காரம்தான் வாய்க்குப் பிடிக்கும்.

நடைக்கோலில் திருகி இறுக்கும் வகையைத் தள்ளிவிட்டு, மடக்கிப் பூட்டும் வகையை எடுங்கள். முன்னது ஈரத்தில் வழுக்கி உள்ளே இறங்கும். பனியில் ஷூவுக்கு மாட்டும் மைக்ரோஸ்பைக்கும் உண்டு. ஜூனில் கணவாயில் பனி இருக்கும், அவசியம் வேண்டும். ரப்பர் வளையத்தை இழுத்து வெடிப்புப் பாருங்கள்.

ஷூ ஏன் வேண்டாம்? ஒருவர் காலுக்குப் படிந்த ஷூ இன்னொருவர் காலைக் கடிக்கும். பழைய ஷூவின் அடிப்பாகம் ஒட்டு விட்டு நடுவழியில் வாய் பிளக்கும். சொந்தமாக வாங்கி, குறைந்தது ஒரு மாதம் போட்டு நடந்திருக்க வேண்டும். இறக்கத்தில் விரல் முன்னே இடிக்காதபடி அரை அளவு பெரிதாக வாங்குங்கள். உடம்பைத் தொடும் உள்ளாடை, காலுறை எல்லாம் சொந்தம். முதுகையும் கூரையையும் சேர்ந்தது வாடகை. இந்தக் கோட்டைத் தாண்டாமல் எடுத்தால் கடை நல்ல கடை.

வாடகையோடு ஒரு நாள் பயிற்சி நடையும் சேர்த்துத் தருகிறார்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை முழுச் சுமையோடு ஏறுவது. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம் ஒரே நாளில் கிடைப்பது சேலத்துக்காரர்களின் கொடுப்பினை. ஆனால் பயிற்சி என்று ஏறிவிட்டு வேனில் இறங்குகிறார்கள். அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். முழங்காலும் தொடையும் அடிவாங்குவது இறக்கத்தில்தான். கணவாயிலிருந்து ஷியா கோருவுக்கு இறங்கும் சரிவு செங்குத்தானது. இருபது கொண்டை ஊசி வளைவையும் சுமையோடு இறங்கிப் பார்த்தவருக்குத்தான் அங்கே கால் நடுங்காது. ஜூனில் போகிறவர்கள் மே மாதம் பயிற்சி செய்வார்கள். அப்போது கோடை விழாக் கூட்டத்தில் மலைப்பாதை முழுக்க வண்டி. வார நாளில் வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள், அல்லது ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு சாலையான குப்பனூர் வழியைப் பாருங்கள். காட்டுக்குள் குறுக்குவழி வேண்டாம். குரங்கணியில் 2018 மார்ச்சில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுநடை கூடாது என்று விதி இறுகியிருக்கிறது. 2024இல் 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் முறையாகப் பதிவு செய்யலாம்.

“ஏற்காட்டுல நடந்துட்டா ஹைட் பழகிரும்” என்று பயிற்சியில் சொல்கிறார்கள். இது தவறு, ஆபத்தான தவறும்கூட. ஏற்காடு 1,500 மீட்டர். அங்கே காலும் மூச்சும் பலப்படும், ஆனால் ஆக்சிஜன் குறைவுக்கு உடல் பழகுவது அதற்கு மேலே போய்த் தங்கினால்தான். 3,000 மீட்டரைத் தாண்டியபின் படுக்கும் இடத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. கடை கொடுக்கும் பாதைக் குறிப்பில் மணாலியில் காலை இறங்கி அன்றே ஜோப்ரா போய்ச் சிக்காவில் தங்குவதாக இருக்கிறது. 280 மீட்டர் உயரத்துச் சேலத்திலிருந்து ரயிலில் உட்கார்ந்து வந்த உடம்பு, மணாலியின் 2,050 மீட்டரில் ஒரு ராத்திரிகூடத் தங்காமல் 3,000 மீட்டருக்கு மேல் போய்ப் படுக்கிறது. மணாலியில் ஒரு நாள் கட்டாயம் சேருங்கள். விடுப்பு கிடைத்தால் சிக்காவிலோ பாலு கா கேராவிலோ இன்னொரு ராத்திரியும். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறல் என்றால் காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் ஒருவர் துணையோடு கீழே இறக்க வேண்டும். அதனால்தான் கணவாயைத் தாண்டும் முன்பே, பாலு கா கேராவில் ஒவ்வொருவரையும் கேட்டு முடிவெடுப்பது நல்லது. தாண்டிவிட்டால் திரும்பும் வழி மேலேறித்தான்.

பாதைக் குறிப்பில் நன்றாக இருக்கும் பகுதி ஓடைகளைப் பற்றியது. பனி உருகும் ஓடை மத்தியானத்துக்கு மேல் பெருகும், காலையில் கடக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். கடக்கும்போது இடுப்பு, நெஞ்சுப் பட்டைகளைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ அதுதான் வழி. சிக்காவைத் தாண்டினால் போன் சிக்னலை நம்பக் கூடாது. வெளிநாட்டு உறவினரிடம் சாட்டிலைட் போன் வாங்கிக் கொண்டுபோகும் யோசனையும் வேண்டாம். அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.

மருந்துப் பெட்டியில் உயரநோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையைச் சும்மா போட்டுக் கொடுக்கிறார்கள். மருத்துவர் சீட்டில்லாமல் தரக்கூடாத மருந்து அது; சல்பா ஒவ்வாமை உள்ளவருக்குச் சிக்கல் வரலாம். குழுவில் ஒவ்வொருவரும் தங்கள் டாக்டரைப் பார்த்து, அவர் சொன்ன அளவில் வாங்கிக்கொள்ளுங்கள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரும் பெட்டியில் இருக்கிறது, உபயோகமானதுதான், ஆனால் குளிர்ந்த விரலில் தவறாகக் காட்டும். எண் நன்றாக இருக்கிறது என்று தலைவலிக்காரரை மேலே ஏற்றாதீர்கள்.

முன்பணம், ஆதார் நகல், கையெழுத்து எல்லாம் வழக்கம்போல. வாங்கும்போதே கிழிசல், கறை, ஜிப் எல்லாவற்றையும் படமெடுத்து அங்கேயே கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். திரும்பக் கொடுக்கும்போது அந்தப் படத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள், பிடித்தமும் நியாயமாக இருக்கிறது. ஈர டென்டுக்குத் தனியாகப் பிடிப்பார்கள். ஊர் வந்ததும் நிழலில் ஒரு நாள் உலர்த்திவிட்டுக் கொடுங்கள். அலுமினியக் கம்பி டென்ட் இவர்களிடம் குறைவு. ஜூன் பயணத்துக்கு ஏப்ரலிலேயே சொல்லி வைத்தால்தான் இரண்டும் கிடைக்கும்; பிந்திப் போனால் ஒன்று ஃபைபராகத்தான் வரும்.